தலைவன் இல்லாத தாளம்

1970ஆம் ஆண்டு மே மாதம். மியூனிக் நகரில் ஒரு காபிக் கடையின் வெளிமேசையில் இரண்டு ஜெர்மானியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஹோல்கர் சுக்காய். இன்னொருவர் டிரம்ஸ் வாசிக்கும் யாக்கி லீபெட்சைட். அன்று இரவு அவர்களுடைய குழுவுக்குக் கச்சேரி இருந்தது. ஆனால் பாடகர் இல்லை. அதுவரை பாடிக்கொண்டிருந்த அமெரிக்கர் மனம் உடைந்து சொந்த ஊருக்கே போய்விட்டார். அந்த நேரம் பார்த்து, நீளமுடி வைத்த ஒரு ஜப்பானிய இளைஞன் சூரியனை வேண்டுவதுபோல ஏதோ கத்திப் பாடிக்கொண்டே தெருவில் வந்தான். சுக்காய் எழுந்துபோய் அவனை அன்றைய கச்சேரிக்குப் பாடக் கூப்பிட்டார். ஒத்திகை எதுவும் நடக்கவில்லை. இரவு அவன் மேடை ஏறினான். மெதுவாக ஆரம்பித்தவன், கொஞ்ச நேரத்தில் சண்டைக்காரனைப்போல அலறத் தொடங்கினான். கூட்டத்தில் பெரும்பகுதி கோபத்தோடு வெளியேறியது. ஒரு முப்பது பேர் மட்டும் கடைசிவரை நின்று கேட்டார்கள். பின்னாளில் சுக்காய் பல பேட்டிகளில் சொல்லிச் சிரித்த கதை இது.

அந்தக் குழுவின் பெயர் கேன். அந்த இளைஞன் டாமோ சுசுகி. அடுத்த மூன்று ஆண்டுகளில் அவர்கள் சேர்ந்து செய்த மூன்று இசைத்தொகுப்புகளை ராக் இசையின் வரலாற்றைத் திருப்பிவிட்டவை என்று இன்று எழுதுகிறார்கள்.

இந்தக் கதையைக் கேன் ரசிகர்கள் ஒரு வேடிக்கையாகத்தான் பகிர்ந்துகொள்வார்கள். எனக்கு அதில் வேறொரு கேள்வி இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவனை அன்று மாலையே மேடையில் ஏற்ற ஒரு குழுவால் எப்படி முடிந்தது? பாட்டு மனப்பாடமாக இருந்தால்தானே பாட முடியும்? கேன் குழுவில் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. வாசித்துக்கொண்டே அடுத்தவர் என்ன செய்கிறார் என்று கேட்கவேண்டும். அவ்வளவுதான் விதி. காது இருக்கிற யாரும் உள்ளே வரலாம். கேன் விட்டுச்சென்ற உண்மையான சொத்து இந்த விதி என்றுதான் நினைக்கிறேன். அது எங்கிருந்து வந்தது, எந்தக் கருவி அதைக் காப்பாற்றியது, எந்தக் கருவி அதைக் கலைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

அப்பாக்களின் நாடு

குழுவைத் தொடங்கிய நால்வரின் பிறந்த ஆண்டுகளைப் பாருங்கள். கீபோர்டு வாசித்த இர்மின் ஷ்மிட் 1937, பெர்லின். சுக்காய் 1938, அன்றைய டான்ஸிக், இன்று போலந்தின் குடான்ஸ்க். லீபெட்சைட் 1938, டிரெஸ்டன் பக்கம். கிட்டார் வாசித்த மிக்கேல் கரோலி மட்டும் 1948, பவேரியா. முதல் மூவரும் ஹிட்லரின் காலத்தில் பிறந்து, போருக்கு நடுவே வளர்ந்தவர்கள். போர் முடியும் சமயத்தில் சுக்காயின் குடும்பம் பிறந்த மண்ணை விட்டே ஓடிவந்தது. அவர்கள் படித்த பள்ளிகளில் ஆசிரியர்களாக இருந்தவர்களில் நேற்றுவரை நாஜிக் கட்சியில் இருந்தவர்களும் உண்டு. ஷ்மிட் மாணவனாக இருந்தபோது தன் ஆசிரியர்களின் நாஜிப் பின்னணியைப் பள்ளி இதழில் எழுதி, அதற்காகப் பள்ளியை விட்டே வெளியேற்றப்பட்டார். தன் தந்தையுடனும் இதே விஷயத்தில் அவருக்கு நீண்ட காலம் சண்டை இருந்தது.

இப்படிப்பட்ட தலைமுறைக்கு இசையில் ஒரு சிக்கல் உண்டு. பழைய நாட்டார் பாடல்களையும் அணிவகுப்பு இசையையும் நாஜிகள் தங்கள் கூட்டங்களில் பாடிப் பாடிக் கறைபடுத்திவிட்டார்கள். வாக்னரின் இசை ஹிட்லருக்குப் பிடித்தமானது. போருக்குப் பின் வானொலியில் ஓடியது ஷ்லாகர் எனப்படும் இனிப்பான மெல்லிசை. எதுவுமே நடக்காததுபோலக் காதலும் கடற்கரையுமாக அது ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், அமெரிக்க ராணுவ வானொலியின் வழியே வந்த ராக் அண்ட் ரோல். அதைப் பிரதி எடுத்து வாசிக்கலாம், ஆனால் அது தங்களுடையது ஆகாது. தாத்தாவிடமிருந்தும் எடுக்க முடியாது, பக்கத்து வீட்டிலிருந்தும் எடுக்க முடியாது என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஷ்மிட்டும் சுக்காயும் முதலில் தேடிய இடம் கொலோன் நகரத்து நவீன இசை. கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் என்ற பெரும் இசையமைப்பாளரிடம் இருவரும் படித்தார்கள். மின்னணு ஒலியையும் ஒலிநாடாவையும் வைத்து இசை அமைப்பதில் அன்று உலகத்திலேயே முன்னால் நின்றவர் அவர். சுக்காய்க்கு அது புது உலகம் அல்ல. சிறுவயதிலேயே வானொலி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தவர். 1966இல் நியூயார்க் போன ஷ்மிட், டெர்ரி ரைலி, ஸ்டீவ் ரைக் போன்றவர்களைச் சந்தித்தார். சின்னத் துணுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசித்து அதன் நிறத்தை மாற்றும் இசை அவர்களுடையது. சுக்காய் சுவிட்சர்லாந்தில் ஒரு பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்தபோது அங்கே மாணவனாக இருந்தவன் கரோலி. அந்த மாணவன்தான் ஆசிரியருக்குப் பீட்டில்ஸைப் போட்டுக்காட்டினான். தன்னைவிடப் பத்து வயது சிறியவனிடம் ஆசிரியர் ராக் இசையைக் கற்றுக்கொண்டார். லீபெட்சைட் ஜாஸ் பக்கத்திலிருந்து வந்தார். எந்தத் தாளக்கட்டும் இல்லாத ஃப்ரீ ஜாஸ் வாசித்து அலுத்துப்போனவர் அவர். எல்லாமே அனுமதிக்கப்பட்ட இசையில் ஒரு தாளத்தைத் திரும்ப வாசிக்க மட்டும் அனுமதி இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

1968இல் கொலோனில் இவர்கள் ஒன்றுசேர்ந்தபோது ஒரு முடிவு எடுத்தார்கள். குழுவுக்குத் தலைவர் கிடையாது. ஃப்யூரர் என்ற சொல்லுக்கே ஜெர்மன் மொழியில் தலைவன், வழிநடத்துபவன் என்றுதான் பொருள். அந்தச் சொல்லின் அடியில் வளர்ந்தவர்கள் தலைவன் வேண்டாம் என்று சொன்னதை நான் ஒரு ஹிப்பி விருப்பமாகப் பார்க்கவில்லை. பாடல்களின் உரிமையைக் குழுவின் பெயரிலேயே எழுதி, வருமானத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். யார் மெட்டு, யார் வரி என்ற பேச்சே இல்லை. ராக் உலகத்தில் பாதிக் குழுக்கள் உடைவது அந்தப் பேச்சினால்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆறு மணி நேரத்தில் இருபது நிமிடம்

முதல் பாடகர் மால்கம் மூனி, நியூயார்க்கிலிருந்து வந்த கறுப்பின ஓவியர், சிற்பி. அவருக்கும் பாடி அனுபவம் குறைவு. கேன் என்ற பெயரைச் சொன்னது அவர்தான் என்கிறார்கள். ஆங்கிலத்தில் தகரக் குவளை, முடியும் என்று இரண்டு பொருள். துருக்கியில் இதே எழுத்துகளை ‘ஜான்’ என்று வாசித்தால் உயிர் என்று பொருள்.

கொலோனுக்குப் பக்கத்தில் நார்வெனிஷ் என்ற ஊரில் பழைய கோட்டை மாளிகை ஒன்று உண்டு. அதை வைத்திருந்த கலைச் சேகரிப்பாளர் அவர்களுக்கு வாடகை இல்லாமல் இடம் கொடுத்தார். அங்கேதான் ‘மான்ஸ்டர் மூவி’ பதிவானது. 1969இல் முதலில் 500 பிரதிகள் மட்டும் அச்சடித்தார்கள். அதன் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, ‘யூ டூ ரைட்’, இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் ஏறக்குறைய ஆறு மணி நேர வாசிப்பிலிருந்து எடுக்கப்பட்டது.

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் பேசவேண்டும். நான் மின்னணுப் பொறியாளன், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைய பெரிய ஸ்டூடியோக்களில் பல தடங்கள் கொண்ட பதிவுக்கருவிகள் வந்துவிட்டன. டிரம்ஸுக்கு ஒரு தடம், கிட்டாருக்கு ஒரு தடம், குரலுக்கு ஒரு தடம். பிறகு நிதானமாக உட்கார்ந்து ஒன்றைக் கூட்டலாம், ஒன்றைக் குறைக்கலாம், பிடிக்காததை அழித்துத் திரும்ப வாசிக்கலாம். கேனிடம் இருந்தது இரண்டு தடக் கருவிகள். இடது, வலது. அவ்வளவுதான். ஐந்து பேரின் ஒலியும் சில மைக்குகள் வழியாக நேராக அந்த இரண்டு தடத்தில் கலந்து விழுந்துவிடும். பாலில் கலந்த சர்க்கரை மாதிரி, பிறகு பிரிக்க முடியாது. கிட்டார் சத்தம் அதிகமாகிவிட்டால் அது அதிகமானதுதான். ஆகவே சமநிலையை வாசிக்கும்போதே அறைக்குள் உண்டாக்கவேண்டும். நான் சத்தமாக வாசித்தால் நீ மறைந்துவிடுவாய் என்பதை ஒவ்வொருவரும் தன் காதாலேயே தெரிந்துகொண்டு அடங்கவேண்டும். தலைவன் வேண்டாம் என்ற கொள்கையை அந்தக் கருவி தினசரிப் பழக்கமாக மாற்றியது.

அடுத்தது வெட்டுதல். மணிக்கணக்கில் வாசித்ததை எல்லாம் ஓடவிட்டுக் கேட்டு, உயிர் இருக்கும் பகுதிகளைச் சவர அலகால் வெட்டி ஒட்டுவது சுக்காயின் வேலை. நல்ல பதிவுக்கருவியில் ஒலிநாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஒரு பாட்டு போனால், ஓர் அடி என்பது 19 சென்டிமீட்டர் நாடா. தாளம் என்பது அங்கே அடிக்கோலால் அளக்கக்கூடிய பொருள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முதல் மணி நேரத்தில் வாசித்த ஒரு துண்டையும் மூன்றாம் மணி நேரத்தில் வாசித்த ஒரு துண்டையும் ஒட்டினால், இரண்டும் ஒரே வேகத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய இடத்தில் பாட்டு நொண்டும்.

லீபெட்சைட் நொண்டமாட்டார். அதுதான் ரகசியம். பாதி மனிதன், பாதி இயந்திரம் என்று அவரைச் சொல்வார்கள். அவருடைய டிரம்ஸ் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் நின்றதால்தான் சுக்காயின் அலகுக்கு வேலை இருந்தது. ஒருவரின் பொறுமையின்மேல் இன்னொருவரின் வெட்டு நின்றது. எழுதுகிறவர்களுக்கு இது புரியும். ஒரே குரலில் எழுதிய நூறு பக்கத்திலிருந்து பத்துப் பக்கத்தை எடுத்துச் சேர்க்கலாம். பக்கத்துக்குப் பக்கம் குரல் மாறினால் எந்தப் பக்கமும் எதோடும் ஒட்டாது.

இது எப்ப முடியும், தம்பி?

மூனி அதிக காலம் தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு நிகழ்ச்சியில் மாடிக்குப் போகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பார்த்து ‘மேலே, கீழே’ என்று ஆங்கிலத்தில் மணிக்கணக்கில் பாடிக்கொண்டே இருந்தாராம், மற்றவர்கள் வாத்தியத்தை வைத்த பிறகும்கூட. மருத்துவரின் ஆலோசனைப்படி அமெரிக்கா திரும்பினார். இந்தச் சம்பவத்தையும் ரசிகர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. என்னால் முடியவில்லை. தலைவன் இல்லாத குழுவில், மொழி தெரியாத ஊரில் முன்வரிசையில் தனியாக நின்றவர் அவர். திரும்பத் திரும்ப என்பது நால்வருக்கு அழகியல், அவருக்கு நோயின் வாசல். சமத்துவம் என்று சொன்ன அந்த அறையிலும் சுமை எல்லார் தோளிலும் ஒரே அளவில் இறங்கவில்லை.

அதன்பிறகுதான் சுசுகி வந்தார். 1971இல் ‘டாகோ மாகோ’. இரட்டைத் தட்டு, 73 நிமிடம். ஒற்றைத் தட்டாக முடிந்திருக்கவேண்டியது. ஷ்மிட்டின் மனைவி ஹில்டகார்ட் நிறுவனத்தோடு பேசி, சுக்காய் வெட்டி ஒட்டிய விசித்திரமான பகுதிகளையும் சேர்த்து இரட்டையாக வெளியிடவைத்தார். அவரே குழுவின் மேலாளரும் ஆனார். இந்த வரலாற்றில் அவர் பெயர் அடிக்குறிப்பாகப் போய்விடக்கூடாது. அந்தப் பழைய நாடாக்கள் இன்றுவரை பத்திரமாகக் குழுவின் கையில் இருப்பதற்கு முதல் காரணம் அவர்தான்.

அதில் ‘ஹாலேலூவா’ என்று பதினெட்டு நிமிடப் பாட்டு. வேலைக்குப் போகும்போது என் காரில் ஏறிக்கொள்ளும் ஓர் அண்ணன் உண்டு, பினாங்கு பாலத்து நெரிசலில் தினமும் என் பக்கத்தில் இருப்பவர். ஒருநாள் இதைப் போட்டேன். ஐந்து நிமிடம் பொறுத்தார். “தம்பி, பாட்டு மாட்டிக்கிச்சா? அடிச்சதையே அடிக்கிறான்?” என்றார். இல்லண்ணே, அப்படித்தான் என்றேன். “இது எப்ப முடியும்?” நான் பதில் சொல்லவில்லை. பாலத்தின் நடுவில் வரும்போது அவர் விரல்கள் டேஷ்போர்டில் தட்டிக்கொண்டிருந்தன. பாட்டு நின்றதும் நிமிர்ந்து பார்த்து, “ஏன் நிறுத்துன?” என்று கேட்டார். நான் நிறுத்தவில்லை, முடிந்துவிட்டது.

அந்தப் பதினெட்டு நிமிடத்தில் நடப்பது என்ன? தாளம் மாறவே இல்லை என்று முதலில் தோன்றும். கொஞ்சம் பழகினால், மாறாத அந்தத் தாளத்துக்கு மேலே சின்னச் சின்ன மாற்றங்கள் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கும். கிட்டாரின் ஒரு கீறல், கீபோர்டின் ஓர் உறுமல், குரல் முணுமுணுப்பிலிருந்து நழுவும் இடம். தறியில் பாவு அசையாமல் இருந்தால்தானே ஊடை ஓட முடியும்? இயந்திரத்தின் துல்லியம் என்று பேசினாலும் லீபெட்சைட் இயந்திரம் அல்ல. ஒவ்வொரு அடியின் கனத்திலும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும். ஒரு முறை சொன்னதை இன்னொரு முறை சொல்லும்போது மனிதன் அதைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறான். இயந்திரம் கேட்பதில்லை.

வெண்டைக்காய் டப்பா

1971 இறுதியில் கொலோனுக்குப் பக்கத்தில் வைலர்ஸ்விஸ்ட் என்ற சிற்றூரில் ஒரு பழைய சினிமாக் கொட்டகைக்கு இடம் மாறினார்கள். எதிரொலியை அடக்க, ராணுவம் கழித்துப்போட்ட 1500 மெத்தைகளை வாங்கிச் சுவரெல்லாம் அடித்தார்கள். இதற்கு இன்னர் ஸ்பேஸ் ஸ்டூடியோ என்று பெயர் வைத்தார்கள். பதிவு அறை, கட்டுப்பாட்டு அறை என்று நடுவில் கண்ணாடிச் சுவர் கிடையாது. பொத்தானை அழுத்துகிறவரும் வாசிக்கிறவரும் ஒரே கூரைக்கு அடியில், ஒரே காற்றில்.

இதே சமயத்தில் அவர்களுக்கு எதிர்பாராத ஓர் அதிர்ஷ்டம். ‘தி நைஃப்’ என்று பொருள்படும் ‘டாஸ் மெஸ்ஸர்’ என்ற துப்பறியும் தொலைக்காட்சித் தொடருக்கு அவர்கள் செய்த ‘ஸ்பூன்’ என்ற மூன்று நிமிடப் பாட்டு ஜெர்மன் பட்டியலில் 6ஆம் இடம்வரை போனது. மூன்று லட்சம் பிரதிகளுக்குமேல் விற்றது. அதில் ஒரு தாள இயந்திரமும் லீபெட்சைட்டும் சேர்ந்தே வாசிக்கிறார்கள். தாள இயந்திரம் பாப் இசையில் பரவுவதற்குப் பல வருடம் முன்பே, அதோடு எப்படி உரையாடுவது என்று ஒரு டிரம்ஸ்காரர் கண்டுபிடித்துவிட்டார். வெற்றியைக் கொண்டாட 1972 பிப்ரவரியில் கொலோனில் இலவசக் கச்சேரி வைத்தார்கள். பத்தாயிரம் பேர் அளவுக்குக் கூட்டம்.

அந்த ஆண்டு வெளிவந்த ‘எகே பாம்யாசி’ தொகுப்பின் அட்டையில் ஒரு தகர டப்பா இருக்கும். துருக்கி மொழியில் அந்தப் பெயருக்கு ஏஜியன் கடற்பகுதி வெண்டைக்காய் என்று பொருள். கொலோனில் ஒரு துருக்கிக் கடையில் கண்ட டப்பாவை அப்படியே அட்டையாக்கிவிட்டார்கள். 1961இல் போட்ட ஒப்பந்தத்தின்படி மேற்கு ஜெர்மனி தன் ஆலைகளுக்குத் துருக்கியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தது. விருந்தாளித் தொழிலாளர்கள் என்று பெயர். வந்துவிட்டுப் போய்விடவேண்டும் என்று பொருள். போகவில்லை, கடை வைத்தார்கள், வெண்டைக்காய் விற்றார்கள். தோட்ட வேலைக்குக் கூட்டிவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அந்த டப்பாவைக் கையிலெடுத்து முன்னட்டையில் வைத்தவர்கள் அதை ஒரு நகைச்சுவையாகத்தான் செய்திருப்பார்கள். இருந்தாலும் அந்தக் காலத்துக் கொலோன் தெரு இப்படி இருந்தது என்பதற்கு அந்த அட்டை ஒரு சாட்சி.

பிறருடைய பொருளைக் கையிலெடுப்பதில் கேனுக்கு இன்னொரு முகமும் உண்டு. ‘இனவியல் போலிகள்’ என்று அவர்களே கிண்டலாகப் பெயரிட்ட ஒரு வரிசை, பல நாட்டு இசைகளைப்போல நடிக்கும் துண்டுகள். போலி என்று அவர்களே சொல்லிவிடுவதால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் குழு உருவான காலத்தில் சுக்காய் குழுவுக்கு வெளியே செய்த ‘கனாக்சிஸ் 5’ எனக்கு உறுத்தல். இரவில் ஸ்டாக்ஹவுசன் போன பிறகு அவருடைய ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, வியட்நாமியப் பாடல் பதிவு ஒன்றை நாடா வளையமாக்கி, அதன்மேல் ஐரோப்பிய ஒலிகளை அடுக்கினார். பிற்கால சாம்பிளிங் கலைக்கு அது முன்னோடி என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், கேட்க உண்மையிலேயே அழகாக இருக்கிறது. வியட்நாமில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பெண் குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்பவர்கள் மட்டும் குறைவு. குழுவுக்குள் வருமானத்தைச் சமமாகப் பிரித்தவர்களின் கணக்கில் தென்கிழக்காசியாவிலிருந்து வந்த குரல் சேரவில்லை. நம் பக்கத்து ஊரின் குரல் என்பதால் எனக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறது.

பதினாறு தடங்கள்

1973இல் ‘ஃப்யூச்சர் டேஸ்’. அலையடிக்கும் ஓசைபோல மென்மையான தொகுப்பு. அதோடு சுசுகி விலகினார், திருமணம் செய்துகொண்டு யெகோவாவின் சாட்சிகள் சபையில் சேர்ந்தார். 1974இல் நால்வர் மட்டும் ‘சூன் ஓவர் பாபலூமா’ செய்தார்கள். இதுவரை எல்லாம் அந்த இரண்டு தடக் கருவியில்தான்.

1975இல் ‘லேண்டட்’ தொகுப்புக்குப் பதினாறு தடக் கருவி வந்தது. நியாயமாகப் பார்த்தால் இனிமேல்தான் பொற்காலம் தொடங்கியிருக்கவேண்டும். நடந்தது வேறு. இப்போது ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் அறையில் இருக்கவேண்டியதில்லை. என் பகுதியை நாளைக்கு வந்து வாசித்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். என் தடம் எனக்கு, உன் தடம் உனக்கு. சத்தத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றால், இப்போதே உன்னைக் கேட்டு நான் ஏன் அடங்கவேண்டும்? பல தடப் பதிவுதான் குழுவைக் கெடுத்தது என்று சுக்காய் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1976இல் ‘ஐ வான்ட் மோர்’ என்ற டிஸ்கோப் பாட்டு பிரிட்டன் பட்டியலிலும் ஏறியது. 1977இல் ரோஸ்கோ ஜீ, ரீபாப் குவாகு பா என்று இரு கைதேர்ந்த கலைஞர்கள் சேர்ந்தார்கள். சுக்காய் பேஸை விட்டுவிட்டு, சிற்றலை வானொலியையும் நாடாக்களையும் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். கொஞ்சநாளில் அவரும் விலகினார். 1979இல் குழு கலைந்தது.

கருவி மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பாடகர் போய்விட்டார், பத்து ஆண்டு ஒரே அறையில் இருந்த அலுப்பும் இருக்கும். ஆனாலும் ஒரு கருவியின் வடிவம் அதைப் பயன்படுத்தும் மனிதர்களின் உறவை மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. இன்று என் நண்பர்கள் சிலர் சேர்ந்து பாட்டு செய்கிறார்கள். ஒருவன் ஈப்போவில், ஒருவன் ஜொகூரில். அவரவர் மடிக்கணினியில் பதிந்து கோப்பாக அனுப்புகிறார்கள். தடங்களுக்கு எல்லையே இல்லை. குறை சொல்லவில்லை, பெட்ரோல் விலைக்கும் ஷிப்ட் நேரத்துக்கும் வேறு வழியும் இல்லை. ஆனால் ‘நீ இன்னும் கொஞ்சம் மெதுவா வாசி’ என்ற செய்தி வாட்சப்பில் வருவதற்கும், பக்கத்தில் நிற்பவன் மறைந்துவிடுவான் என்று நீயே அடங்குவதற்கும் தூரம் அதிகம்.

யார் வாரிசு?

கேனின் தாக்கத்தைப் பட்டியலாகச் சொல்வது சுலபம். ஜெர்மானியர்களைக் கேலிசெய்யும் ‘கிராவுட்’ என்ற பழைய போர்க்காலச் சொல்லை ஒட்டி பிரிட்டன் பத்திரிகைகள் இவர்களையும் நொய், ஃபௌஸ்ட் போன்ற குழுக்களையும் கிராவுட்ராக் என்று அழைத்தன. பங்க் இசைக்குப் பின் வந்த இங்கிலாந்து இளைஞர்களுக்கு அதுவே பாடப்புத்தகம் ஆனது. ‘தி ஃபால்’ குழு 1985இல் டாமோ சுசுகியின் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதியது. ரேடியோஹெட் கேனின் ஒரு பாடலை மேடைகளில் வாசித்தது. ‘ஸ்பூன்’ என்ற பாட்டின் பெயரில் அமெரிக்காவில் ஒரு குழுவே இருக்கிறது. 2007இல் கானியே வெஸ்ட்டும், 2016இல் எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்டும் கேனின் துண்டுகளைத் தங்கள் பாட்டில் பயன்படுத்தினார்கள். முரகாமியின் ‘நார்வீஜியன் வுட்’ நாவல் 2010இல் படமானபோது அதில் கேனின் பாடல்கள் ஒலித்தன. இயக்குநர் வியட்நாமில் பிறந்த டிரான் ஆன் ஹங்.

இவர்களில் பலர் எடுத்துக்கொண்டது கேனின் ஒலியை. விதியை எடுத்துக்கொண்டவர் என்று நான் நினைப்பது சுசுகியைத்தான். நீண்ட இடைவெளிக்குப் பிறகு மேடைக்குத் திரும்பிய அவர் சொந்தமாகக் குழு வைத்துக்கொள்ளவில்லை. ஊர் ஊராகப் போவார். அந்த ஊரில் வாசிக்கும் இளைஞர்கள் யாரோ, அவர்களோடு ஒத்திகை இல்லாமல் மேடை ஏறுவார். அவர்களுக்கு ‘ஒலி சுமப்பவர்கள்’ என்று பெயர். அன்று மியூனிக் தெருவில் தனக்கு நடந்ததை அவர் உலகம் முழுக்க மற்றவர்களுக்குச் செய்துகாட்டினார். 2014இல் புற்றுநோய் கண்ட பிறகும் நிறுத்தவில்லை. 2024 பிப்ரவரியில் இறந்தார்.

கரோலி 2001இலேயே போய்விட்டார். 2017 ஜனவரியில் லீபெட்சைட். அதே ஆண்டு செப்டம்பரில் சுக்காய், அந்தப் பழைய சினிமாக் கொட்டகையிலேயே. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஸ்டூடியோவின் உட்புறத்தை, அந்த மெத்தைகள் உட்பட, கழற்றி எடுத்து க்ரோனாவ் நகரின் இசை அருங்காட்சியகத்தில் திரும்ப அமைத்துவிட்டார்கள். 2012இல், கிடங்கில் கிடந்த முப்பது மணி நேரத்துக்கும் அதிகமான நாடாக்களை ஷ்மிட் உட்கார்ந்து கேட்டு, மூன்று மணி நேர அளவுக்குச் சுருக்கி ‘தி லாஸ்ட் டேப்ஸ்’ என்று வெளியிட்டார். அப்போது அவருக்கு 75 வயது. நாற்பது வருடத்துக்கு முந்தைய தன் நண்பர்களைத் திரும்ப முழுதாகக் கேட்ட பிறகுதான் வெட்டினார்.

இதுவரை கேட்டிராதவர்கள் ‘எகே பாம்யாசி’யில் உள்ள ‘விட்டமின் சி’யிலிருந்து தொடங்கலாம். மூன்றரை நிமிடம்தான். ஹெட்போனில், வேறு வேலை பார்க்காமல். முதல் தடவை டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை பேஸை. மூன்றாம் தடவை, குரல் வரும்போது மற்ற நால்வரும் எவ்வளவு இடம் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.